மனஸ்தாபம்

தமிழ்ச் சொற்களுள் சில இரு வீடுகளில் குடியிருப்பவை. ஒரு வீட்டில் காட்டும் முகத்தை மறு வீட்டில் அவை காட்டுவதில்லை. 'மனஸ்தாபம்' என்னும் சொல் அத்தகையது. கத்தோலிக்கக் குடும்பத்தில் பிறந்து வளர்ந்தோர் இச்சொல்லை முதன்முதலில் கேட்பது இரவுச் செபத்தின்போதுதான். உத்தம மனஸ்தாப மந்திரத்தைப் பொருள் விளங்காத வயதிலேயே மனப்பாடம் செய்திருப்பர். அங்கே அதன் பொருள், தான் செய்த பாவத்தை நினைத்து இறைவன்முன் உள்ளம் நொந்து வருந்துதல் என்பதாகும். செபம் முடிந்து திண்ணைக்கு வந்தால் அதே சொல் வேறு கோலம் பூண்டுவிடுகிறது. அண்ணன் வீட்டுக்கும் தம்பி வீட்டுக்கும் போக்குவரத்து நின்றுபோனால், "அவர்களுக்குள் ஏதோ மனஸ்தாபம்" என்கிறோம். மனம் என்பதும் தாபம் என்பதும் சேர்ந்த சொல் இது. தாபம் என்றால் வெப்பம். கோவிலில் மருந்தாக இருக்கும் வெப்பம், வீட்டிலே நோயாகிவிடுகிறது.

ஒரு கிறிஸ்தவன் பின்னாளில் 'ஐயோ' என்று இரங்காதபடி வாழ்ந்து முடிப்பது எப்படி என்னும் கேள்விக்கு விடை, இந்த ஒரு சொல்லின் இரு பொருள்களுக்கும் இடையில்தான் இருக்கிறது என்பது என் எண்ணம். மரண அறிவித்தல்களில், 'யாதொரு குறையுமின்றி வாழ்ந்து' என்று எழுதுகிறோம். குறையின்றி வாழ்ந்தவர் எவரும் இலர் என்பதை எழுதுபவரும் அறிவார், படிப்பவரும் அறிவார். வருத்தமின்றி வாழ்வது என்றால் தவறே செய்யாமல் வாழ்வது என்று பொருள்கொண்டால், அது வானத்துத் தேவதூதர்களுக்கு மட்டுமே உரிய வாழ்வாகிவிடும்.

நம் வள்ளுவப் பெருந்தகையும் இதனைச் சிந்தித்திருக்கிறார். 'வினைத்தூய்மை' என்னும் அதிகாரத்தில், 'என்ன செய்துவிட்டோம்' என்று பின்னர் வருந்துதற்குரிய செயலைச் செய்யற்க என்று முதலில் கட்டளையிடுகிறார். மனித இயல்பை உணர்ந்தவராதலால் அத்துடன் நில்லாமல், ஒருகால் செய்துவிட்டால் யாது செய்வது என்பதையும் அதே குறளில் கூறுகிறார். அப்பகுதிக்கு உரையாசிரியர்கள் இருவகையாகப் பொருள் கண்டனர். மீண்டும் அத்தகைய செயலைச் செய்யாதிருத்தல் நன்று என்பது ஒருவகை. செய்தபின் உட்கார்ந்து அழுதுகொண்டிராமை நன்று என்பது பரிமேலழகர் கண்ட பொருள். இவ்விரண்டில் எது சரியென்று புலவர்கள் வாதிடட்டும். என்னைப் போன்ற சாதாரண விசுவாசிக்கு இரண்டுமே தேவைப்படுகின்றன. திரும்பச் செய்யாதிருக்கவும் வேண்டும். அழுதே அழிந்துபோகாதிருக்கவும் வேண்டும்.

அழுதே அழிந்தவன் ஒருவனும், அழுது எழுந்தவர் ஒருவரும் நற்செய்தி நூல்களில் அருகருகே நிற்கின்றனர். ஒருவன் யூதாஸ், மற்றவர் நம் முன்னோர் இராயப்பர் என்று அழைத்த பேதுரு. இருவரும் ஒரே இரவில் தம் ஆண்டவரைக் கைவிட்டனர். ஒருவன் விற்றான், ஒருவர் தெரியாது என்று மும்முறை மறுத்தார். இருவருமே வருந்தினர் என்பதை நாம் பல வேளைகளில் மறந்துவிடுகிறோம். யூதாஸ் வருந்தியதோடு நிற்கவில்லை. தன் குற்றத்தை வாய்விட்டுச் சொன்னான்; முப்பது வெள்ளிக்காசுகளையும் திருப்பிக் கொடுக்க முயன்றான். அப்படியிருந்தும் அவன் கதை தூக்குக் கயிற்றில் முடிந்தது ஏன்?

அவன் போன இடம் தவறு. தன் துயரத்தை எவரிடம் கொண்டுபோனான்? அந்தப் பாவத்தால் காரியம் சாதித்துக்கொண்ட தலைமைக் குருக்களிடம். அவர்கள் அது தங்களுக்கு உரிய விவகாரமன்று என்று கைவிரித்துவிட்டனர். காசு கோவிலுக்குள் விழுந்தது. அவன் தனியனாய் வெளியேறினான். பேதுருவோ மனங்கசந்து அழுதபின் தம் தோழர்களிடையே இருந்தார். உயிர்த்த ஆண்டவர் திபேரியாக் கடற்கரையில் காலை உணவுடன் காத்திருந்தபோது, படகு கரைசேரும்வரைகூடப் பொறுக்காமல் தண்ணீரில் குதித்து அவரிடம் சென்றார். மறுதலித்த இரவிலும், மன்னிக்கப்பட்ட காலையிலும் கரிநெருப்பு எரிந்துகொண்டிருந்ததை யோவான் குறிப்பிடுகிறார். முதல் நெருப்பருகே மும்முறை மறுத்தவரிடம், இரண்டாம் நெருப்பருகே அன்பைப் பற்றிய கேள்வி மும்முறை கேட்கப்படுகிறது. எந்தக் குற்றம் எத்தனை முறை நிகழ்ந்ததோ அத்தனை முறை அதற்குரிய மருந்து. அதன்பின் பேதுருவின் வாழ்வில் அந்த இரவு அழியவில்லை. ஆயினும் அது அவரை அழிக்கவுமில்லை.

நல்ல பாவசங்கீர்த்தனத்திற்கு ஐந்து காரியங்கள் வேண்டும் என்று பழைய ஞானோபதேசத்தில் படித்திருக்கிறோம். ஆத்தும சோதனை செய்தல், மனஸ்தாபப்படுதல், இனிச் செய்வதில்லை எனப் பிரதிக்கினை செய்தல், குருவிடம் அறிக்கையிடுதல், அபராதம் தீர்த்தல் என்பன அவை. முதல் நான்கையும் முழங்காலில் நின்றபடியே முடித்துவிடலாம். ஐந்தாவதோ பல வேளைகளில் எழுந்து நடக்கச் சொல்வது. சொல்லப்பட்ட செபங்களைச் சொல்லிவிட்டால் அபராதம் தீர்ந்தது என்று நாம் அமைதியடைகிறோம். ஆனால் எடுத்ததைக் கொடுத்தாக வேண்டும். கெடுத்த பெயரைச் சீர்செய்தாக வேண்டும். சக்கேயு என்னும் வரிதண்டுவோன், தன் உடைமையில் பாதியை ஏழைகளுக்கும், ஏமாற்றியதை நான்கு மடங்காக உரியவர்க்கும் தருவதாகச் சொன்னபோதுதான் அவன் வீட்டில் மீட்பு நிகழ்ந்ததாக இயேசு அறிவித்தார். பீடத்தின்முன் காணிக்கையோடு நிற்கையில் சகோதரனுக்கு உன்மேல் மனத்தாங்கல் உண்டென்று நினைவு வந்தால், காணிக்கையை அங்கேயே வைத்துவிட்டுப் போய் அவனோடு ஒப்புரவாகு என்பதும் அவர் போதனையே. கோவிலின் மனஸ்தாபம் வீட்டின் மனஸ்தாபத்தைத் தீர்க்கப் புறப்பட்டாக வேண்டும் என்பது இதன் கருத்து.

எங்கள் பங்கின் சார்பில் நோயாளிகளைச் சந்தித்துவரும் சிறு குழுவில் நானும் பல ஆண்டுகளாக இருந்து வருகிறேன். பழச்சாறும் செபமாலையும் கொண்டு செல்வோம். பேசுவதைக் காட்டிலும் கேட்பதே எங்கள் பணி. வாழ்வின் இறுதிக் கட்டத்தில் இருப்போர் எதை நினைத்து வருந்துகின்றனர் என்பதை அங்கே கண்டிருக்கிறேன். 'இன்னும் கொஞ்சம் சம்பாதித்திருக்கலாம்' என்று புலம்பியவரை நான் பார்த்ததில்லை. இளமையில் செய்த பிழைகளைக்கூடச் சிலர் சிரித்துக்கொண்டே சொல்லிவிடுகின்றனர். குரல் உடைவது, ஒருவர் பெயரைச் சொல்லும்போதுதான். மருமகள், மூத்த அக்கா, கூட்டாளி என்று யாரேனும் ஒருவர். பேசியிருக்க வேண்டிய ஒரு பேச்சு பேசப்படாமல் நெஞ்சில் கிடக்கும்.

அவர்களுள் ஒரு பெரியவர், வாரம் மும்முறை சிறுநீரகச் சுத்திகரிப்புக்குச் சென்றுவந்தவர். தந்தை விட்டுச்சென்ற வீட்டுமனையைத் தம்பியைக் கேளாமல் விற்றுவிட்டார். அன்றுமுதல் இருபது ஆண்டுகளுக்கு மேலாக இருவருக்கும் பேச்சில்லை. ஒவ்வொரு தவக்காலத்திலும் அவர் பாவசங்கீர்த்தனம் செய்துவந்தார். மனம் மட்டும் ஆறவில்லை. ஒருநாள், "என்னைத் தம்பி வூட்டுக்குக் கூட்டிட்டுப் போறீங்களா?" என்று கேட்டார். ஒரு மணி நேரப் பயணம். வழிநெடுக அவர் ஒன்றும் பேசவில்லை. வாசற்கதவைத் தம்பி திறந்தார். பெரியவர் உள்ளே போகாமல் வெளியிலேயே நின்றார்.

"உன்னக் கேக்காம வித்தது தப்புதாண்டா தம்பி. எனக்குத் தெரியும். அன்னிக்கே தெரியும்."

தம்பி சிறிது நேரம் கதவைப் பிடித்தபடியே நின்றார். பிறகு, "உள்ள வாங்கண்ணே, வெயில்ல நிக்காதீங்க" என்றார்.

ஊழியர் சேமநிதியில் மிஞ்சியிருந்ததிலிருந்து ஓர் உறையில் பணம் கொண்டுவந்திருந்தார் அண்ணன். மனையின் பங்குக்கு அது ஈடாகாது என்பது இருவருக்கும் தெரியும். தம்பி வேண்டாமென்று மறுத்துவிடுவார் என்றே நான் எதிர்பார்த்தேன். அவர் மறுக்கவில்லை, இரு கைகளாலும் வாங்கிக் கண்களில் ஒற்றிக்கொண்டார். மறுப்பதே பெருந்தன்மை என்று நாம் கருதுகிறோம். அன்று அவர் மறுத்திருந்தால் அண்ணனின் கணக்கு தீராமலே போயிருக்கும். வாங்கிக்கொள்வதிலும் ஒரு மன்னிப்பு உண்டு என்பதை அந்த எளிய மனிதரிடம் அறிந்தேன். சில மாதங்களில் பெரியவர் காலமானார். சவப்பெட்டியின் முன்பக்கத்தைத் தம்பியே சுமந்தார்.

இருபது ஆண்டுகள் காத்திராமல் அன்றன்றே இதனைச் செய்துவந்த மனிதர் ஒருவரையும் நான் அறிவேன். பேராக் மாநிலத் தோட்டமொன்றில் பால்மரம் வெட்டியவர். எங்கள் சிற்றாலயத்தின் உபதேசியார். குருவானவர் மாதம் ஒருமுறைதான் தோட்டத்துக்கு வருவார். மற்ற ஞாயிறுகளில் செபம் நடத்துவது இவர் பொறுப்பு. சற்று முன்கோபி. பெரட்டுக்களத்தில் எவருடனாவது வார்த்தை தடித்துவிடும். ஆனால் இரவு விளக்கணைக்கும் முன் அந்த வீட்டு வாசலில் போய் நிற்பார். தவறு யார்மேல் என்ற விசாரணையே கிடையாது. "கோவத்துல பேசிட்டேன், மனசுல வெச்சுக்காதீங்க" என்பார். ஒரு குவளை தேநீர் குடித்துத் திரும்புவார். சிலர் கதவைத் திறக்காததும் உண்டு. மறுநாள் இரவும் போவார்.

அப்போது இளைஞனாயிருந்த நான், விடிந்தபின் போனால் ஆகாதா என்று கேட்டேன். அவர் தம் தொழிலிலிருந்தே விடை சொன்னார்.

"பால் ஒறையறதுக்குள்ள ஸ்டோருக்குப் போயிடணும் தம்பி. மங்குல ஒறைஞ்சிட்டா அது கட்டிப்பால். அதுக்கு வெல வேற."

தோட்டத்தில் வாழ்ந்தோர்க்கு இதற்கு விளக்கம் தேவையில்லை. விடியுமுன் வெட்டிய மரத்தில் வடியும் பாலை முற்பகலிலேயே வாளியில் சேகரித்து, நிறுவைக்குக் கொண்டுபோய்விட வேண்டும். கிராணியார் அன்றைய எடையை அன்றே புத்தகத்தில் எழுதுவார். மங்கில் தங்கிவிட்ட பால் மறுநாள் இறுகிப்போயிருக்கும். அது வீணாவதில்லை, அதற்கும் ஒரு விலை உண்டு. ஆனால் திரவமாயிருந்த நேரத்தில் அதற்கிருந்த மதிப்பு குறைந்துவிடும். சூரியன் மறையுமுன் சினம் தணியட்டும் என்று சின்னப்பர் எபேசு நகரத்தார்க்கு எழுதிய அறிவுரையை இதைவிடத் தெளிவாக விளக்கிய பிரசங்கத்தை நான் கேட்டதில்லை.

அவர் இறந்தது ஒரு சனவரி மாதத்தில். கடைசி நாளில் மகளை அழைத்து, கிறிஸ்து பிறப்பு விழாவுக்காக மாரியம்மன் கோயில் தலைவரிடம் இரவல் வாங்கிய பெட்ரோமாக்ஸ் விளக்கைத் திருப்பிக் கொடுத்தாயிற்றா என்று கேட்டார். கொடுத்தாயிற்று என்றாள். அதற்குமேல் அவர் கேட்க எதுவும் இருக்கவில்லை. அத்தனை சிறிய பாக்கியோடு உலகைவிட்டுப் போகும் பேறு எத்தனை பேருக்குக் கிட்டும்?

இங்கே ஒரு கேள்வி எழலாம். தவறு செய்தவன் வருந்துவது சரி. நல்லதைச் செய்ததால் துன்பத்தில் விழுந்தவன், 'ஏன் செய்தோம்' என்று வருந்தமாட்டானா? இதற்கு நம் நாட்டு வரலாற்றிலேயே விடை உண்டு. சிபில் கார்த்திகேசு அம்மையார் 1899 இல் சுமத்திராவின் மேடானில் பிறந்த யுரேசியப் பெண்மணி, கத்தோலிக்கர், தாதியும் மருத்துவச்சியுமாவார். அவர் கணவரோ இலங்கைத் தமிழ் வழிவந்த மருத்துவர். ஈப்போவில் மருத்துவமனை நடத்திவந்த இத்தம்பதியர், ஜப்பானியர் படையெடுப்பின்போது அருகிலுள்ள பாப்பான் என்னும் சிற்றூருக்குக் குடிபெயர்ந்தனர். காட்டில் போராடிக் காயமுற்று வந்த கொரில்லா வீரர்களுக்கு அம்மையார் இரகசியமாகச் சிகிச்சை அளித்தார். தடைசெய்யப்பட்ட வானொலியை ஒளித்துவைத்துச் செய்தி கேட்டார். 1943 இல் கெம்பித்தாய் அவரைக் கைதுசெய்தது. சொல்லொணாச் சித்திரவதைகள் தொடர்ந்தன. சிறுமியான மகளை மரத்தில் கட்டித் தொங்கவிட்டு, கீழே நெருப்பு மூட்டினர். தாய் காட்டிக்கொடுப்பாள் என்பது அவர்கள் கணக்கு. அவர் காட்டிக்கொடுக்கவில்லை, குழந்தை உயிர் தப்பியது. ஆயுள் தண்டனை பெற்றுச் சிறையிலிருந்த அவர், 1945 இல் போர் முடிந்தபோது நடக்கவும் இயலாதவராய் வெளியே வந்தார். பிரிட்டனில் ஜார்ஜ் பதக்கம் பெற்றார். 1948 ஜூனில் அங்கேயே இறந்தார். அவர் எழுதிய நினைவுநூல் 1954 இல்தான் அச்சேறியது. அவர் உடல் இன்று ஈப்போ மண்ணில் துயில்கிறது.

அம்மையார் துன்பப்படவில்லை என்று எவரும் சொல்லத் துணியார். மகளை நெருப்பின்மேல் கண்ட தாய்க்கு அக்காட்சி உள்ளவரை நோவு இருந்திருக்கும். ஆனால் நோவு வேறு, மனஸ்தாபம் வேறு. நோவு உடலிலும் நினைவிலும் இருப்பது. மனஸ்தாபம், நாம் செய்த செயலுக்கும் நம் மனச்சான்றுக்கும் இடையில் எழும் வெப்பம். காயம்பட்டு வாசலில் வந்து நின்றவனுக்குக் கதவைத் திறந்த கைக்கு அது வருவதில்லை. கதவைத் திறவாமல் சுகமாய் உறங்கியவர்க்குத்தான் பிற்காலத்தில் அது வந்துசேரும். வருத்தமற்ற வாழ்வை இழப்பற்ற வாழ்வென்று எண்ணுவோர் இவ்வேறுபாட்டை உணர்தல் வேண்டும். சிலுவையில் இழப்பு இருந்தது, வருத்தம் இருக்கவில்லை.

துன்புறுத்தியவன் மன்னிப்பே கேட்காவிட்டால் என்ன செய்வது? இதற்கும் அதே காலத்தில் சிங்கப்பூரில் ஒரு சான்று உண்டு. ஆங்கிலிக்கத் திருச்சபையின் பேராயராயிருந்த லெனார்ட் வில்சன், 1943 அக்டோபரில் கெம்பித்தாயால் பிடிக்கப்பட்டுக் கடுமையாக அடிக்கப்பட்டார். தம்மை அடித்தவர்களின் முகங்கள் எவ்வளவு கொடுமையாயிருந்தாலும், அவர்களைச் சிறு பிள்ளைகளாயிருந்த பருவத்திலும், கடவுள் மாற்றக்கூடிய நிலையிலும் எண்ணிப் பார்க்க முயன்றதாக 1946 இல் வானொலி உரையொன்றில் கூறினார். போருக்குப் பின்னர், அவர்களுள் கிறிஸ்தவராகிவிட்ட ஒருவருக்கு அவர் கையாலேயே திடப்படுத்தல் சடங்கு நடைபெற்றது. எதிரி மனம்மாறும்வரை காத்திருந்து மன்னித்தவரல்லர் அவர். அடிபட்ட அறையிலேயே தொடங்கிவிட்டார்.

இன்னும் கடினமான நிலை ஒன்றுண்டு. மன்னிப்புக் கேட்க வேண்டியவர் இறந்துபோய்விட்டால்? நான் சந்தித்த மூதாட்டி ஒருவர், தங்கையோடு சமாதானம் ஆவதற்குள் அவள் கண்மூடிவிட்டாள் என்று ஒவ்வொரு முறையும் அழுவார். அவருக்கு நான் சொன்னது சின்னப்பரின் கதையை. முடியப்பர் எனப்படும் ஸ்தேவான் கல்லெறிந்து கொல்லப்பட்டபோது, எறிந்தவர்களின் ஆடைகளுக்குக் காவல் நின்ற இளைஞர் சவுல், அக்கொலைக்கு உடன்பட்டவர். பின்னாளில் மனம்மாறிச் சின்னப்பரானபோது, ஸ்தேவானிடம் போய் நிற்க அவருக்கு வழியில்லை. தாம் திருச்சபையைத் துன்புறுத்தியவர் என்பதை அவர் கடைசிவரை மறைக்கவுமில்லை. கொல்லப்பட்டவருக்குக் கொடுக்க முடியாததை, அவர் எவர் பொருட்டு உயிர் கொடுத்தாரோ அந்தச் சமூகத்துக்குக் கொடுத்தார். பின்னே கிடப்பவற்றை மறந்து முன்னே நோக்கி ஓடுவதாகப் பிலிப்பியர்க்கு எழுதியவர் இந்த மனிதர்தான். பொறுப்பைத் தட்டிக் கழிப்பவனின் மறதியன்று அது; கடனைத் திசைமாற்றிச் செலுத்திக்கொண்டிருப்பவனின் ஓட்டம். அந்த மூதாட்டி இப்போது தங்கையின் பேத்திக்குப் பள்ளிச் செலவு கொடுத்துவருகிறார். அழுகை முற்றும் நின்றுவிடவில்லை, குறைந்திருக்கிறது.

இறைவனுக்கேற்ற துயரம் மனமாற்றத்தைத் தரும், அம்மாற்றத்தைக் குறித்துப் பின்னர் எவரும் வருந்தார் என்பது கொரிந்தியருக்கு அதே சின்னப்பர் எழுதியதன் சாரம். ஆகவே, வருத்தமற்ற வாழ்வுக்கு வாசல் வருத்தமே. உரிய நேரத்தில், உரியவரிடம் கொண்டுசெல்லப்பட்ட வருத்தம் தன் வேலையை முடித்துக்கொண்டு விடைபெறுகிறது. கொண்டுசெல்லப்படாத வருத்தம் மங்கிலேயே கிடந்து இறுகிவிடுகிறது.

இதனைப் படிக்கும் அன்பர்களுள் எவருக்கேனும் ஒரு பெயர் நெஞ்சில் தட்டுப்பட்டிருக்கலாம். முகவரியும் தெரிந்திருக்கும். இன்று பிற்பகல் வெயில் தாழ்ந்ததும் புறப்பட்டால், பொழுது சாயுமுன் அந்த வாசலை அடைந்துவிடலாம். கதவு திறவாவிட்டால் நாளையும் போகலாம். இரவுச் செபத்தில் மனஸ்தாப மந்திரம் சொல்லும்போது, அச்சொல்லின் இரு பொருள்களில் ஒன்றாவது அன்றைக்குக் குறைந்திருக்கும்.